பத்து மார்க் ஏன் இரண்டு மார்க்குக்கு முன்னால் வருகிறது?

காஞ்சிபுரத்துச் செவிலிமேட்டில் சரிகையை மார்க் கணக்கில்தான் வாங்குவார்கள். ஒரு மார்க் என்பது கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. பட்டு நூலைக் கிராமில் நிறுத்துக் கொடுப்பார்கள். புடவை நீளத்தைத் தறியில் உட்கார்ந்திருப்பவர் முழத்தில் சொல்வார், கடைக்காரர் மீட்டரில் சொல்வார். இந்த ஊரில் வளர்ந்த யாருக்கும் இதில் குழப்பமே வராது. மூன்று மார்க்கையும் பன்னிரண்டு முழத்தையும் கூட்டிப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது. ஆனால் இதே கணக்கை ஒரு டேட்டாபேஸுக்குள் கொண்டுபோய் வைத்தால், அதற்குத் தெரிந்ததெல்லாம் எண், எழுத்து, தேதி, ஆம் அல்லது இல்லை என்று ஒரு கைப்பிடி டைப்புகள்தான். மார்க் அதற்கு வெறும் எண்ணாகவோ வெறும் எழுத்தாகவோதான் தெரியும்.

என் பெரியப்பா நூல் கொடுத்து நெய்ய வைப்பவர். அவர் கணக்கு வைக்க வாங்கியிருந்த மென்பொருளில் சரிகை எடை எழுத்தாகவே பதிவாகியிருந்தது: ‘2 மார்க்’, ‘10 மார்க்’ என்று. பட்டியலை எடை வரிசையில் கேட்டவர் என்னைக் கூப்பிட்டார். “என்னடா இது, பத்து மார்க்கு வந்து ரெண்டு மார்க்குக்கு முன்னாடி உக்காந்திருக்கு?” எழுத்தை எழுத்தாக ஒப்பிட்டால் ‘1’ என்கிற குறி ‘2’ என்கிற குறிக்கு முன்னால்தான் வரும். அந்த இயந்திரம் தனக்குத் தெரிந்ததைச் சரியாகவே செய்திருக்கிறது.

எண்ணாக மாற்றிவிட்டால் வரிசை சரியாகிவிடும். ஆனால் அந்த நிமிடமே அது மார்க் என்கிற அடையாளம் போய்விடும். 10 என்று மட்டும் நிற்கும் ஒரு எண்ணை முழத்தோடு கூட்டினாலும் டேட்டாபேஸ் சிரித்த முகமாக விடை சொல்லும். நமக்கு வேண்டியது மார்க் என்றே ஒரு டைப். அதை நாமே உருவாக்கிக்கொள்ளும் வசதி. நான் தினமும் வேலை பார்ப்பது ஒரு சிறிய டேட்டாபேஸ் இயந்திரத்தின் உள்பக்கத்தில். அதன் டைப் பட்டியல் மூடிய பட்டியல். அதைத் திறந்துவிடும் வேலைதான் இப்போது நடந்துகொண்டிருக்கிறது. அதில் கற்றதைக் கொஞ்சம் விரிவாக எழுதலாம் என்று இந்தப் பதிவு.

பிரச்சினை பழையது. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் குழு 1970களில் இன்க்ரெஸ் என்ற டேட்டாபேஸைக் கட்டியது. பிற்பாடு வணிக இன்க்ரெஸில் தேதிக்கு ஒரு டைப் சேர்த்தார்கள். நாள்காட்டிப்படி கச்சிதமாகக் கழித்தல் கணக்குப் போடும். கடன் பத்திர வணிகம் செய்யும் வாடிக்கையாளர் ஒருவர், தேதி தப்பாகக் கழிகிறது என்று சொன்னாராம். பத்திரத்துக்கு வட்டி மாதாமாதம் ஒரே அளவு. ஆகவே பிப்ரவரி 15க்கும் மார்ச் 15க்கும் நடுவே அவருக்கு எப்போதும் 30 நாள்தான். நாள்காட்டி 28 என்கிறது. இரண்டும் சரி. கழித்தல் என்றால் என்ன என்று இயந்திரத்தை எழுதியவர் முடிவு செய்ததுதான் சிக்கல், பயன்படுத்துகிறவர் முடிவு செய்திருக்க வேண்டும். ஸ்டோன்பிரேக்கர் இந்தக் கதையைப் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். 1986இல் அவரும் லாரன்ஸ் ரோவும் போஸ்ட்கிரஸ் என்ற புது டேட்டாபேஸின் வடிவமைப்பை வெளியிட்டபோது, டைப்பையும் ஆபரேட்டரையும் இன்டெக்ஸ் முறையையும் பயனர்களே சேர்த்துக்கொள்ள வழி செய்வது அதன் தலையாய நோக்கங்களில் ஒன்றாக இருந்தது.

இதில் நம் பக்கத்து ஆட்களும் இருக்கிறார்கள். சென்னை ஐஐடியில் படித்த ராகு ராமகிருஷ்ணனும் எஸ். சுதர்சனும் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது திவேஷ் ஸ்ரீவஸ்தவா முதலியவர்களோடு சேர்ந்து கோரல் என்ற, விதிகளிலிருந்து புதிய உண்மைகளை வருவிக்கும் டிடக்டிவ் டேட்டாபேஸைக் கட்டினார்கள். சி++ மொழியில் எழுதப்பட்டது. அதில் எண், எழுத்து உட்பட எல்லா மதிப்புகளும் ஒரே தாய் கிளாஸிலிருந்து பிறந்தவை. புது டைப் வேண்டுமா? அந்தக் கிளாஸிலிருந்து ஒன்றைப் பிறப்பித்து, இரண்டு மதிப்புகள் சமமா என்று சொல்வது எப்படி, அச்சிடுவது எப்படி, ஹாஷ் எனும் சுருக்க எண் எப்படி என்று ஒருசில செயல்களை எழுதிக் கொடுத்தால் போதும். டேட்டாபேஸ் பாடப்புத்தகத்தின் அட்டையில் சுதர்சன் பெயரைப் பார்த்துப் படித்த தலைமுறை நான். அவர் கை வைத்த ஒரு பழைய அமைப்பின் கட்டுரை இன்றைக்கு என் வேலைக்கு நேரடியாக உதவுகிறது என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

சரி, மூடிய பட்டியலை எப்படித் திறப்பது?

முதலில் அது எங்கெல்லாம் மூடியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். டைப் என்ன, எண்ணா, அப்படியானால் இதைச் செய், எழுத்தா, அதைச் செய் என்கிற ஸ்விட்ச் கட்டம் ஒரே இடத்தில் இருந்தால் வேலை ஒரு நாளில் முடிந்துவிடும். அது எங்கும் பரவியிருக்கும். கேள்வியைப் படித்துப் புரிந்துகொள்ளும் பகுதியில் ஒன்று, ஒப்பிடும் இடத்தில் ஒன்று, டிஸ்க்கில் எழுதும் இடத்தில் ஒன்று, நெட்வொர்க்கில் அனுப்பும் இடத்தில் ஒன்று, பேக்கப் எடுக்கும் இடத்தில் இன்னொன்று. இவை ஒவ்வொன்றும் டைப்பின் பெயரைக் கேட்டுவிட்டுத் தானே முடிவெடுக்கின்றன. மாற்ற வேண்டியது இதைத்தான். பெயரைக் கேட்பதை நிறுத்திவிட்டு டைப்பிடமே கேள்வி கேட்க வேண்டும். உன்னை எழுத்திலிருந்து எப்படிப் படிப்பது? எழுத்தாக எப்படிக் காட்டுவது? டிஸ்க்கில் எத்தனை பைட் பிடிப்பாய், அளவு நிலையானதா மாறுவதா? உன் இரண்டு மதிப்புகளில் எது சிறியது?

போஸ்ட்கிரஸில் இந்தப் பதில்கள் எல்லாம் ஒரு டேபிளில் வரிசைகளாக உட்கார்ந்திருக்கின்றன. டைப்புக்கென்றே ஒரு கேட்டலாக் டேபிள். நான்கு பைட் முழு எண்ணும் அதில் ஒரு வரிசைதான், அதன் அடையாள எண் 23. எழுத்து டைப்பின் எண் 25. நீங்கள் உருவாக்கும் மார்க் டைப்பும் அதே டேபிளில் இன்னொரு வரிசை, 16384இலோ அதற்கு மேலோ ஓர் எண்ணோடு. இந்த வடிவமைப்பில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். உள்ளே பிறந்த டைப்புக்கு ஒரு வாசல், வெளியிலிருந்து வந்த டைப்புக்கு இன்னொரு வாசல் என்று வைக்கவில்லை. பழைய ஸ்விட்ச்களை அப்படியே விட்டுவிட்டுக் கடைசியில் ‘மற்றவை’ என்று ஒரு கிளை சேர்த்தால் வேலை சீக்கிரம் முடியும்தான். ஆனால் அந்தக் கிளையில் நுழையும் டைப்புக்கு இன்டெக்ஸ் கிடைக்காது, அடுத்த பதிப்பில் வரும் புது வசதியும் கிடைக்காது, என்றைக்கும் அது வீட்டுக்கு வெளியே திண்ணையிலேயே இருக்கும். அதனால் முதல் வேலையாக உள்ளே இருக்கும் டைப்புகள் எல்லாவற்றையும் புது வாசல் வழியாகவே வரவைக்கிறோம். பயனர் டைப் ஒன்றைக்கூட அனுமதிக்கும் முன்பே இது முடிய வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். எண்களைக் கூட்டும்போது வேகம் குறைகிறதா, அங்கே மட்டும் ஒரு குறுக்கு வழி வைத்துக்கொள்ளலாம். அது வேகத்துக்கான குறுக்கு வழியாக மட்டும் இருக்க வேண்டும், விடை மாறக் கூடாது.

இந்த வழியில் வேடிக்கையான ஒரு முட்டுச்சந்தும் உண்டு. மார்க் டைப்பை உருவாக்க, எழுத்தைப் படித்து மார்க் மதிப்பைத் தரும் ஒரு செயல் வேண்டும். அந்தச் செயலை அறிவிக்கவோ, அது தருவது மார்க் டைப் என்று சொல்ல வேண்டும். அந்த டைப்போ இன்னும் பிறக்கவில்லை. போஸ்ட்கிரஸ் இதற்கு ஷெல் டைப் என்று ஒன்றை வைத்திருக்கிறது. கிரியேட் டைப் மார்க் என்று பெயரை மட்டும் முதலில் பதிந்துகொள்ளலாம். பிறகு செயல்களை எழுதி, மறுபடியும் கிரியேட் டைப் கொடுத்து முழு விவரத்தையும் நிரப்பலாம்.

இனி நான் அதிகம் யோசித்த பகுதிக்கு வருகிறேன்: வரிசை.

தமிழ்ப் பெயர்கள் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள், வரதன், வனஜா. காஞ்சிபுரத்தில் எந்தத் தெருவிலும் இருக்கும் பெயர்கள். தமிழ் அகரவரிசையில் ரகரம் முன்னால், னகரம் கடைசி. ஆகவே வரதன் முதலில் வர வேண்டும். யூனிகோடின் குறியெண் வரிசையிலோ னகரத்தை நகரத்துக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டார்கள், பகரத்துக்கும் ரகரத்துக்கும் முன்னால். பைட்டுகளை மட்டும் ஒப்பிடும் இயந்திரம் வனஜாவை முன்னால் தள்ளும். புள்ளி வைத்த க் அகரவரிசையில் ககரத்துக்கு முன்னால் வர வேண்டியது, குறியெண்படி கௌ வரைக்கும் எல்லாம் முடிந்த பிறகு வரும். கொலேஷன் எனும் வரிசைப்படுத்தும் விதிகள் இதைச் சரிசெய்கின்றன, தமிழுக்கான விதிகள் ஐசியூ நூலகத்தில் இருக்கின்றன, போஸ்ட்கிரஸ் 2017இல் வந்த 10ஆம் பதிப்பிலிருந்து அதைப் பயன்படுத்திக்கொள்ளவும் முடிகிறது. நான் சொல்ல வருவது வேறு. வரிசை என்பது பைட்டுகளுக்குள் இருக்கும் குணம் இல்லை. டைப்பின் சொந்தக்காரர் கொடுக்கும் வாக்குறுதி அது. அந்த வாக்குறுதியை நம்பித்தான், வேகமாகத் தேட உதவும் பி-ட்ரீ இன்டெக்ஸ் கட்டப்படுகிறது.

வாக்குறுதி மாறினால் என்ன ஆகும் என்று 2018இல் உலகமே பார்த்தது. லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியின் 2.28 பதிப்பில் எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதிகள் புதுப்பிக்கப்பட்டன. டேட்டாபேஸில் யாரும் கை வைக்கவில்லை. ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை மட்டும் புதுப்பித்தார்கள். பழைய விதிப்படி டிஸ்க்கில் அடுக்கியிருந்த இன்டெக்ஸில், புதிய விதிப்படி தேடத் தொடங்கியது போஸ்ட்கிரஸ். டேபிளில் இருக்கும் வரிசையைத் தேடினால் இல்லை என்றது. ஒன்றுக்கு மேல் இருக்கக் கூடாது என்று தடை போட்ட இடத்தில் ஒரே மதிப்பு இரண்டு முறை நுழைந்தது. இன்டெக்ஸைத் திரும்பக் கட்டினால்தான் தீர்வு. எழுத்து டைப்புக்கே இந்தக் கதி என்றால், ஒப்பிடும் செயலை முன்பின் தெரியாத பயனர் எழுதித் தரும் உலகில் எவ்வளவு கவனம் வேண்டும்?

அதனால் புது டைப் ஒன்றைப் பதியும்போது ஒப்பிடும் செயலை நம்பி அப்படியே எடுத்துக்கொள்ளாமல், சில மாதிரி மதிப்புகளைக் கொடுத்து அதைச் சோதிக்கிறோம். அ, ஆவைவிடச் சிறியது, ஆ, இயைவிடச் சிறியது என்றால் அ, இயைவிடச் சிறியதாகத்தான் இருக்க வேண்டும். சமம் என்று சொன்ன இரண்டு மதிப்புகளுக்கும் ஹாஷ் ஒன்றாக வர வேண்டும். இந்த இரண்டாவது விதியில்தான் பலர் தடுக்கி விழுவார்கள். ‘10 மார்க்’, ‘10.0 மார்க்’ இரண்டும் சமம். ஆனால் டிஸ்க்கில் கிடக்கும் பைட்டுகளை அப்படியே ஹாஷ் செய்தால் இரண்டு வேறு விடைகள். அப்புறம் இரண்டு டேபிள்களை மார்க் மதிப்பை வைத்து இணைத்தால் சில வரிசைகள் சத்தமில்லாமல் விடுபடும். பிழைச் செய்தியும் வராது. அதுதான் இதில் பயங்கரம்.

வரிசையின் இன்னொரு முகம் எனம் என்கிற பட்டியல் டைப். பெரியப்பாவின் கணக்கில் ஒரு புடவை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று குறிக்க வேண்டும்: சாயம், பாவு, பிணைத்தல், நெசவு. இவற்றை அகரவரிசையில் அடுக்குவதில் அர்த்தமே கிடையாது, வேலை நடக்கும் வரிசைதான் வரிசை. போஸ்ட்கிரஸில் 2008இல் வந்த 8.3 பதிப்பு இந்த வசதியைக் கொடுத்தது. எல்லாம் போட்டு முடித்த பிறகு ஒருவர் வந்து, பாவுக்கும் பிணைத்தலுக்கும் நடுவில் கஞ்சி போடுவதை ஏன் காணோம் என்று கேட்டால்? 2011இல் வந்த 9.1 பதிப்பில்தான் நடுவில் செருகும் வழி வந்தது. அதை அவர்கள் செய்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஒவ்வொரு மதிப்புக்கும் வரிசை எண் ஒன்று, தசம எண்ணாக. 2க்கும் 3க்கும் நடுவில் ஒன்றைச் செருக வேண்டுமா, 2.5 கொடு. டிஸ்க்கில் ஏற்கெனவே எழுதிய புடவைகள் எதையும் தொட வேண்டாம். தசமத்தில் இடம் தீர்ந்துபோனால் வரிசை எண்களை மட்டும் திரும்பப் போட்டுக்கொள்ளும்.

அதோடு நிற்கவில்லை. ஒவ்வொரு ஒப்பீட்டுக்கும் கேட்டலாக்கைப் போய்ப் பார்த்தால் வேகம் போய்விடும். ஆகவே ஓர் ஒப்பந்தம்: அடையாள எண் இரட்டைப்படையாக இருக்கும் மதிப்புகள் தங்களுக்குள் சரியான வரிசையில் இருக்கின்றன, எண்ணையே நேரடியாக ஒப்பிடலாம். ஒற்றைப்படை எண் கண்ணில் பட்டால் மட்டும் வரிசை எண்ணைப் போய்ப் பார். நடுவில் செருகியதற்குத் தேவைப்பட்டால் ஒற்றைப்படை எண் கொடுக்கப்படும். நடுவில் எதையும் செருகாதவர்களுக்கு எந்தச் செலவும் இல்லை. இதை முதன்முதலில் மூலநிரலில் படித்த இரவு நான் தூங்கவே இல்லை.

காக்ரோச்டிபி பல கணினிகளில் பரவி ஓடும் டேட்டாபேஸ். 2020 நவம்பரில் வந்த 20.2 பதிப்பில் எனம் டைப்பைக் கொண்டுவந்தது. அங்கே சிக்கல் வேறு மாதிரி. ஒரு கணினிக்குக் ‘கஞ்சி’ என்ற புது மதிப்பு தெரிந்துவிட்டது, இன்னொன்றுக்கு இன்னும் தெரியவில்லை. தெரிந்தது எழுதிய வரிசையைத் தெரியாதது படித்தால் என்ன செய்யும்? ஆகவே புது மதிப்பு முதலில் படிக்க மட்டுமே உரியதாக எல்லாக் கணினிகளுக்கும் போய்ச் சேர்கிறது. எல்லோரும் தெரிந்துகொண்ட பிறகுதான் எழுத அனுமதி. வரிசைக்கு அவர்கள் தசம எண்ணை வைக்காமல், இரண்டு பைட் தொடர்களுக்கு நடுவே புதிய பைட் தொடர் ஒன்றை உண்டாக்கிக்கொள்கிறார்கள். அதையே டிஸ்க்கிலும் எழுதுவதால், ஒப்பிட எங்கேயும் போய்ப் பார்க்க வேண்டியதில்லை.

இதைப் படித்த பிறகுதான் என் வேலையின் மையம் எனக்கு விளங்கியது. மூடிய பட்டியலில் டைப் என்பது நிரலின் பகுதி. நிரலைத் தொகுத்து வெளியிடும்போது அது உறைந்துவிடும். பட்டியலைத் திறந்த மறுகணம் டைப் தரவாக மாறிவிடுகிறது. தரவு மாறும், பெயர் மாற்றப்படும், அழிக்கப்படும், ஒரு கணினியில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் கொஞ்ச நேரம் இருக்கும். ஸ்விட்ச்களை அகற்றுவது கைவலி வேலை. காலத்தைக் கையாள்வதுதான் மூளைவலி வேலை.

எங்கள் ஊரே இதற்குச் சாட்சி. செவிலிமேடு தனிப் பேரூராட்சியாக இருந்தது. 2011இல் காஞ்சிபுரம் நகராட்சியோடு இணைந்தது. 2021இல் காஞ்சிபுரம் மாநகராட்சியானது. உள்ளாட்சி வகையை எனமாக வைத்திருக்கும் ஒரு வரிக் கணக்கில், இங்கே பேரூராட்சி இப்போது இல்லையே என்று அந்த மதிப்பை எடுத்துவிட முடியுமா? பழைய ரசீதுகள் அதைத்தான் சுமந்துகொண்டிருக்கின்றன. போஸ்ட்கிரஸ் எனத்திலிருந்து மதிப்பை நீக்கவே விடாது. வரிசைகளை எல்லாம் அழித்துவிட்டாலும் இன்டெக்ஸின் மேல்மட்டப் பக்கங்களில் அந்த மதிப்பின் நகல் தங்கியிருக்கலாம். அது எதைக் குறிக்கிறது என்று சொல்ல ஆள் இல்லாமல் போனால் இன்டெக்ஸில் வழி தேடவே முடியாது. இந்தக் கண்டிப்பை நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

அடையாள எண்ணிலும் இதே கவலை. உள்ளே பிறந்த டைப்பின் எண் எல்லா இடத்திலும் ஒன்று. பயனர் டைப்பின் எண் ஒவ்வொரு டேட்டாபேஸிலும் வேறு. ஆகவே நிரலில் அந்த எண்ணை எழுதிவைத்துக்கொள்ளும் கிளையன்ட் வேறொரு சர்வரோடு பேசும்போது உடைந்துவிடும், கேட்டலாக்கைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பேக்கப்பிலும் முதலில் டைப், பிறகுதான் அதைப் பயன்படுத்தும் டேபிள்.

எல்லோருக்கும் முழு டைப் தேவைப்படாது. போஸ்ட்கிரஸில் டொமைன் என்ற எளிய வழி ஒன்று இருக்கிறது. இருக்கும் எண் டைப்புக்கு ஒரு பெயரும், பூஜ்யத்துக்கு மேல் இருக்க வேண்டும் என்பது போன்ற ஒரு நிபந்தனையும். நல்ல வசதிதான். ஆனால் மார்க் டொமைனையும் முழம் டொமைனையும் கூட்டினால் இரண்டும் அடியில் எண்தானே என்று கூட்டிக் கொடுத்துவிடும். எஸ்க்யூஎல் 1999 தரம் இதற்காகவே டிஸ்டிங்ட் டைப் என்று தனியாக ஒன்றை வரையறுத்திருக்கிறது. அடியில் எண்ணாக இருந்தாலும் வெளியில் வேறு ஆள், நீங்கள் சொல்லாமல் மற்றொன்றோடு கலக்காது. எங்கள் இயந்திரத்தில் முதலில் திறப்பது இதைத்தான். சரிகையின் தங்கம், வெள்ளி, செம்பு விழுக்காடுகளை ஒரே மதிப்பாகக் கட்டி வைக்கும் கூட்டு டைப் அடுத்தது. பயனரே சி மொழியில் எழுதித் தரும் அடிப்படை டைப்பைக் கடைசிக்குத் தள்ளியிருக்கிறேன். அந்த நிரலில் ஒரு பிழை இருந்தால் சர்வர் முழுதும் சாயும். போஸ்ட்கிரஸ்கூட அதைச் சூப்பர்யூசருக்கு மட்டும்தான் அனுமதிக்கிறது.

தொடாத பகுதி ஒன்று மிச்சம் இருக்கிறது. இவ்வளவு செய்த பிறகும் கேள்வித் திட்டம் போடும் பகுதிக்குப் புது டைப் ஒரு கறுப்புப் பெட்டிதான். ஒரு பெரிய படத்தைத் திருப்பிவிட்டு அதன் மூலையை வெட்டித் தா என்று ஒருவர் கேட்டால், முதலில் வெட்டிவிட்டுச் சிறிய துண்டை மட்டும் திருப்பலாம் என்று அதற்குத் தெரியாது. 1997இல் பிரவீன் சேஷாத்ரி, மிரான் லிவ்னி, ராகு ராமகிருஷ்ணன் மூவரும் எழுதிய கட்டுரை இதைத்தான் பேசுகிறது. டைப் தன் செயல்களை மட்டும் கொடுத்தால் போதாது, அவற்றை எப்படி மாற்றி அடுக்கலாம் என்கிற அறிவையும் இயந்திரத்துக்குக் கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். சேஷாத்ரி கார்னெல் பல்கலைக்கழகத்தில் ப்ரெடேட்டர் என்ற அமைப்பாக அதைக் கட்டியும் காட்டினார். எங்கள் டைப் பதிவில் செலவுக் கணக்குக்கும் மாற்றி அடுக்கும் விதிகளுக்கும் இடம் விட்டு வைத்திருக்கிறேன். இரண்டும் இப்போது காலியாக இருக்கின்றன. அந்தக் கட்டுரையிலிருந்துதான் தொடங்கப்போகிறேன், உங்களில் யாராவது இதில் வேலை செய்திருந்தால் எழுதுங்கள்.